ஒரு கூரைக்கல்லும் எட்டு வீடுகளும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்து கிடக்கும் லெவன் என்ற கடற்கழியின் ஓரம் பாலஹூலிஷ் என்றொரு சிற்றூர். பக்கத்திலேயே கிளென்கோ பள்ளத்தாக்கு. 1692 பிப்ரவரியில், விருந்தாளிகளாகத் தங்கியிருந்த படைவீரர்களே மக்டொனால்டு குலத்தவரைக் கொன்று போட்ட இடம் அது. அந்தப் படுகொலை நடந்து ஓரிரு ஆண்டுகளில் பாலஹூலிஷில் கல் வெட்டத் தொடங்கினார்கள். 1955 வரை வெட்டினார்கள். சிலேட்டுக் கல். பலப்பத்தால் எழுதும் சிலேட்டும் இதே இனம்தான். இங்கே வெட்டியது வீடுகளுக்குக் கூரை போட.

கருநீல நிறம். கனமானது. வேல்ஸ் நாட்டுக் கல்லைப் போல மெல்லியதாகவும் ஒரே அளவாகவும் வராது. தடிமனாக, சிறிதும் பெரிதுமாகத்தான் பிளக்கும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அங்கங்கே பொன்னிறச் சதுரங்கள் பதிந்து மின்னும். தங்கம் அல்ல, இரும்புக் கந்தகம். அந்த மின்னலைப் பார்த்தே இது பாலஹூலிஷ் கல் என்று பழைய கூரைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். மலையிலிருந்து பெயர்த்த பாறையில் அகன்ற உளியை வைத்துத் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்பது அப்பனிடமிருந்து பிள்ளை கற்றுக்கொண்ட வித்தை. அந்த மக்களுக்கு ரோஷமும் உண்டு. 1902-ல் குவாரி நிர்வாகம் லாக்லன் கிரான்ட் என்ற மருத்துவரை வேலையை விட்டு நீக்கப் பார்த்தபோது தொழிலாளர்கள் அவர் பக்கம் நின்றார்கள். குவாரி கதவடைத்தது. ஓராண்டுக்கு மேல் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தக் குன்றிலிருந்து புறப்பட்ட ஒரு கல்லைப் பின்தொடர்ந்து போகலாம். கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் கூரையேறிய லட்சக்கணக்கான கற்களுக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்தது என்பதால், இன்ன வீட்டுக் கல் என்று கதவிலக்கம் தேட வேண்டியதில்லை. ஊரை மட்டும் சொல்லிவிடுகிறேன்: எடின்பரோவின் தெற்கே மார்ச்மான்ட். 1870களிலிருந்து அங்கே வரிசை வரிசையாக எழுந்த நான்கு மாடிக் கல் கட்டடங்களில் ஒன்று. ஒரே வாசல், ஒரே படிக்கட்டு, தளத்துக்கு இரண்டாக எட்டு வீடுகள், படிக்கட்டுக்கு வெளிச்சம் தர உச்சியில் ஒரு கண்ணாடிக் கூம்பு. இதை டெனமென்ட் என்பார்கள். ஸ்காட்லாந்தில் அந்தப் பெயருக்கு இழிவு கிடையாது. பேராசிரியரும் டெனமென்டில்தான் குடியிருப்பார், கொத்தனாரும் டெனமென்டில்தான்.

மலையில் இருந்தவரை கல் மலைக்காரருடைய நிலம். பிளந்து அடுக்கியதும் அது அசையும் சொத்து. விற்கலாம், கப்பலேற்றலாம், கடனுக்குக் கொடுக்கலாம். மார்ச்மான்டில் இறக்கி வைத்தபோதும் அப்படித்தான். பிறகு கூரைக்காரர் அதை மேலே கொண்டுபோனார். ஸ்காட்லாந்தில் கூரைச் சட்டத்தின்மேல் இடைவெளி இல்லாமல் பலகை அடித்து மூடிவிட்டு, அந்தப் பலகைமேல் கல்லை அறைவார்கள். பெரிய கற்கள் இறவாரத்தில், போகப் போகச் சிறியவை, முகட்டருகே உள்ளங்கை அகலம். ஒவ்வொரு கல்லின் தலையிலும் சுத்தியல் முனையால் ஒரு துளை, துளைக்கு ஓர் ஆணி. ஒற்றை ஆணி என்பதால் பக்கத்துக் கல்லை ஒதுக்கித் தள்ளிவிட்டு உடைந்த கல்லை மாற்ற முடியும். நல்ல ஏற்பாடு.

அந்த ஆணி இறங்கிய நொடியில் சட்டத்தின் பார்வையில் கல் கல்லாக இல்லாமல் போனது. கட்டடத்தோடு ஒட்டியது கட்டடம், கட்டடம் நிலத்தோடு ஒட்டியது என்பது ரோமானியர் காலத்து விதி. ஸ்காட்லாந்து அதை இன்றும் விடாமல் வைத்திருக்கிறது. கல் விற்றவருக்குப் பணம் வரவில்லை என்றாலும் ஏணி போட்டு ஏறிப் பிடுங்கிக்கொண்டு வர முடியாது. அவருக்குப் பாக்கி கேட்க உரிமை உண்டு, கல்மீது உரிமை இல்லை.

சரி, கல் இப்போது யாருடையது? இந்தக் கேள்விக்கு ஸ்காட்லாந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நிலத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று எழுதி வைப்பதில் அந்த நாடு மிக முந்தியது. சசீன் பதிவேடு என்ற நாடு தழுவிய பதிவு 1617-லேயே தொடங்கிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் நிலம் கைமாறும்போது நிலத்துக்கே போய், ஒரு பிடி மண்ணையும் ஒரு கல்லையும் வாங்குபவர் கையில் வைக்கும் சடங்கு இருந்தது. 1845-ல்தான் நிலத்துக்குப் போக வேண்டியதில்லை என்று சட்டம் விட்டுக்கொடுத்தது. ஆனால் மண்ணும் கல்லும் தரைக்குச் சரி. நான்காம் மாடிக்கு மண் எது?

எடின்பரோவின் பழைய நகரம் ஒரு மலைமுதுகின்மேல் நெருக்கியடித்து எழும்பியது. பக்கவாட்டில் இடம் இல்லாததால் மேலே மேலே கட்டினார்கள். ஒரு மாடி ஒருவருக்கு, அடுத்தது வேறொருவருக்கு என்று விற்றார்கள். ஸ்டேர் பிரபு என்று அறியப்பட்ட ஜேம்ஸ் டால்ரிம்பிள் 1681-ல் ஸ்காட்லாந்துச் சட்டத்தைத் தொகுத்து நூலாக்கியபோது இதற்கு ஓரிடம் ஒதுக்கினார். ஒரே கட்டடத்தைப் பல பேர் மாடி மாடியாகப் பிரித்துக்கொண்டாலும் அந்தப் பிரிவினை முழுமையானதல்ல என்பது அவர் வாதம். கூரை எல்லோருக்கும் கூரைதான்; தரை எல்லோரையும் தாங்கும் தரைதான். ஆகவே கீழ்வீட்டுக்காரர் மேலுள்ளவரைத் தாங்குமளவுக்குத் தன் வீட்டை வைத்திருக்க வேண்டும், மேல்வீட்டுக்காரர் கீழுள்ளவர் நனையாமலிருக்கத் தன் கூரையைப் பேண வேண்டும். இவ்வளவு தெளிவாக ஒருவர் அன்றே சொல்லிவிட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் இந்த விதிக்குள் ஒரு வலி இருந்தது. கூரைக்குச் சொந்தக்காரர் மேல்மாடிக்காரர் மட்டுமே. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, எட்டு வீட்டையும் மழையிலிருந்து காக்கும் கூரைக்கு ஆகும் செலவு முழுவதும் மேலே இருக்கும் இரண்டு பேர் தலையில். அந்த இருவருக்குள்ளும் அவரவர் வீட்டுக்கு மேலுள்ள பரப்பு அவரவருக்கு. நம் கல் இடப்பக்க வீட்டின் மேல் இருந்தால் இடப்பக்கத்தார் கவலை. ஒரு முழம் தள்ளி அறைந்திருந்தால் வலப்பக்கத்தார் கவலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கறிஞர்கள் இதைச் சரிக்கட்டப் பத்திரத்தைப் பயன்படுத்தினார்கள். மார்ச்மான்ட் நிலம் வாரென்டர் குடும்பத்துடையது. அவர்கள் அதை நிலமானிய முறையில் கட்டுநர்களுக்குக் கொடுத்தார்கள்: ஆண்டுதோறும் ஒரு தொகை, கூடவே எப்படிக் கட்ட வேண்டும், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைகள். கட்டுநர் வீடுகளை விற்கும்போது, கூரையும் அடித்தளமும் வெளிச்சுவரும் எல்லா வீட்டுக்கும் பொது, செலவில் எட்டில் ஒரு பங்கு என்று எழுதுவது பரவலான வழக்கம். எழுதாமல் விட்ட பத்திரங்களும் உண்டு, பாதி எழுதிய பத்திரங்களும் உண்டு; கூரையைச் சொல்லிவிட்டுப் புகைபோக்கியை மறந்தவை, பங்குகளைக் கூட்டினால் முழுமைக்கு வராதவை. அதனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் ஒரே குவாரியிலிருந்து வந்த கல் ஓரிடத்தில் எட்டுப் பேருக்கும், இன்னோரிடத்தில் ஒருவருக்கும் சொந்தமாகக் கிடந்தது.

சொந்தம் என்பது காகிதத்தில் எப்படியிருந்தாலும், அந்தக் காலத்தில் ஒரு கட்டடம் முழுக்க ஒரே ஆள் வாங்கி வாடகைக்கு விடுவதே அதிகம். ஒரே சொந்தக்காரர் என்றால் சண்டைக்கு இடமில்லை. நிலைமை மாறியது முதல் உலகப் போரில். போர்த் தொழில்களுக்காக ஆட்கள் குவிந்த கிளாஸ்கோவில் வாடகையை ஏற்றினார்கள். 1915-ல் கோவன் பகுதியில் மேரி பார்பரும் அவரோடு சேர்ந்த பெண்களும் வாடகை தர மறுத்து, காலி செய்ய வந்த அமீனாக்களைப் படிக்கட்டிலேயே மறித்துத் துரத்தினார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் அரசாங்கம் வாடகைக்கு உச்சவரம்பு போட்டது. நியாயமான போராட்டம், நியாயமான வெற்றி. அதற்கப்புறம் பல பத்தாண்டுகளில், வாடகையில் லாபம் குறைந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் பழுதுபார்ப்பதில் கையைச் சுருக்கினார்கள். கட்டடங்களை வீடு வீடாகப் பிரித்து விற்றுவிட்டு விலகினார்கள். ஒரு கூரைக்கு ஒரு முதலாளி இருந்த இடத்தில் எட்டு முதலாளிகள் வந்தார்கள்.

எல்லைக்குத் தெற்கே இங்கிலாந்தில் மாடிவீடு என்பது பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகை. நிலத்துக்கு மேலே ஒரு சொந்தக்காரர் தனியாக இருப்பார். ஸ்காட்லாந்தில் அப்படியில்லை. வீட்டை வாங்கினால் முழு உரிமை. அதில் ஒரு கண்ணியம் இருக்கிறது, ஆனால் கூரை ஒழுகும்போது அதட்டி வேலை வாங்க மேலே யாரும் இல்லை.

பேணாத கட்டடம் என்ன செய்யும் என்பதை எடின்பரோ அறியும். 1861 நவம்பர் 24 அதிகாலையில் ஹை ஸ்ட்ரீட்டில் பெய்ஸ்லி க்ளோஸ் அருகே இருந்த ஒரு பழைய டெனமென்ட் அப்படியே இடிந்து விழுந்தது. 35 பேர் மாண்டார்கள். அந்த அதிர்ச்சியில்தான் மறு ஆண்டு ஹென்றி லிட்டில்ஜான் நகரின் முதல் சுகாதார அதிகாரியாக அமர்த்தப்பட்டார். 1968 ஜனவரியில் கிளாஸ்கோவைப் புயல் புரட்டியபோது புகைபோக்கிகள் கூரையைப் பிளந்துகொண்டு படுக்கையறைகளுக்குள் விழுந்தன. 2000-ல் எடின்பரோவில் ஓர் உணவகத்துக்கு மேலிருந்து கல் பெயர்ந்து விழுந்து அங்கே வேலை செய்த இளம்பெண் இறந்துபோனார்.

நம் கல்லுக்குக் காலம் வந்தது 2004-ல். அந்த ஆண்டு நவம்பர் 28 ஸ்காட்லாந்துச் சொத்துச் சட்டத்தில் பெரிய நாள். பல நூற்றாண்டு நிலமானிய முறை அன்றோடு ஒழிந்தது. வாரென்டர் வழி வந்த மேலுரிமையும் போயிற்று. அதே நாளில் டெனமென்ட் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தைப் படிக்கும்போது முதலில் ஏமாற்றமாக இருக்கும். பத்திரம் பேசாத இடத்தில் கூரை இன்னமும் மேல்மாடி வீட்டுக்கே சொந்தம் என்றுதான் அது சொல்கிறது. அடித்தளத்து மண் கீழ்வீட்டுக்கு. படிக்கட்டும் நடையும் மட்டும் அவற்றைப் பயன்படுத்தும் எல்லா வீட்டுக்கும் சம பங்கில் பொது. கட்டடத்துக்கு மேலுள்ள ஆகாயம் கூடக் கீழே மண் வைத்திருப்பவருக்குத்தான் போகிறது. சாய்வான கூரைக்கு மேலே, முகட்டு மட்டம் வரையுள்ள முக்கோண வெளியை மட்டும் கூரையின் சொந்தக்காரருக்கு விட்டிருக்கிறார்கள், அவர் ஒரு சாளரம் எழுப்பிக்கொள்ளட்டும் என்று.

ஆனால் சொந்தத்தைத் தொடாமலே சுமையைப் பிரித்தது அந்தச் சட்டம். அதன் சாமர்த்தியம் அங்கேதான் என்பது என் கணிப்பு. கூரை, அடித்தளம், வெளிச்சுவர், பாரம் தாங்கும் சுவர் ஆகியவை யாருக்குச் சொந்தமானாலும் சரி, பராமரிப்பு எல்லோருடையது. பத்திரம் வேறு சொல்லாவிட்டால் வீட்டுக்கு ஒரு வாக்கு, பெரும்பான்மை முடிவு. கூட்டத்துக்கு 48 மணி நேர முன்னறிவிப்பு போதும். செலவு சமமாக. மிகப் பெரிய வீட்டின் பரப்பு மிகச் சிறியதைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் மட்டும் பரப்புக்கு ஏற்றபடி. அவசரம் என்றால் யாரையும் கேட்காமல் ஒருவரே ஆளை வரவழைத்துச் செலவை எல்லோரிடமும் வாங்கலாம். தோற்றுப்போன தரப்பு 28 நாளுக்குள் ஷெரிஃப் நீதிமன்றத்துக்குப் போகலாம். தாங்குவதும் மறைப்பதும் அந்தந்தப் பகுதிச் சொந்தக்காரரின் கடமை என்ற ஸ்டேர் பிரபுவின் விதியும் புது வடிவில் சட்டப் பிரிவாக இருக்கிறது. பணம் தராமல் வீட்டை விற்றுவிட்டுப் போகிறவரைப் பிடிக்கவும் வழி வைத்தார்கள்: பாக்கி உண்டென்ற அறிவிப்பைக் கைமாறுவதற்கு 14 நாள் முன்பாகவாவது பதிந்துவிட்டால், வாங்குபவரிடமும் அதைக் கேட்கலாம்.

ஏன் பெரும்பான்மை என்று தனியாகச் சட்டம் வேண்டியிருந்தது? ஸ்காட்லாந்தின் பொதுவான கூட்டு உரிமைச் சட்டத்தில் பெரும்பான்மைக்கு மதிப்பே இல்லை. அங்கே வேண்டாம் என்பவர் கைதான் ஓங்கும். அவசியமான பழுதை யாரும் பார்க்கலாம். மாற்றம் என்றால் ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடும். அந்தப் பொதுச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, கல்லுக்கு நேர் கீழேயுள்ள வீட்டுக்குள்ளேயே போகலாம்.

அந்த வீட்டைக் கணவனும் மனைவியும் பாதிப் பாதியாக வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கூரையில் எந்தக் கல் அவளுடையது? தனியாக எதுவும் இல்லை. ஒவ்வொரு கல்லிலும் பாதி அவளுடையது. பிரிபடாத பங்கு. அந்தப் பங்கை அவள் கணவனைக் கேட்காமலே விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலில் தங்கைக்கு எழுதலாம். குடியிருக்க மட்டும் இருவருக்கும் மூலைமுடுக்கெல்லாம் சம உரிமை. (அறங்காவலர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சொத்து வேறு வகை, அதில் தனித்தனிப் பங்கே கிடையாது.) ஒத்துவரவில்லை என்றால் எவரையும் கூட்டுக்குள் கட்டிப்போட முடியாது. இருவரில் ஒருவர் வழக்குப் போட்டால் நீதிமன்றம் பிரித்துக் கொடுக்க வேண்டும். பிரிக்க முடியாததை விற்றுப் பணத்தைப் பங்கிட வேண்டும். டீ நதியில் சால்மன் மீன்பிடி உரிமை பற்றிய வழக்கொன்றில், கேட்டவருக்கு இதை மறுக்க நீதிமன்றத்துக்கே விருப்புரிமை இல்லை என்று மேல்நீதிமன்றம் சொன்னது. தம்பதிகளின் குடும்ப வீட்டுக்கு மட்டும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தடுப்பு வைத்தது: பிள்ளைகளையும் நிலைமையையும் பார்த்து நீதிபதி விற்பனையை மறுக்கலாம், தள்ளிப்போடலாம்.

பத்திரத்தில் "இருவருக்கும், அவர்களில் உயிரோடிருப்பவருக்கும்" என்று ஒரு வரி சேர்ப்பதுண்டு. ஒருவர் இறந்தால் அவருடைய பாதி நேராக மற்றவருக்குப் போய்விடும். உயில் அதைத் தொடாது. அன்பில் எழுதும் வரிதான். 1990களில் ஒரு வழக்கு வந்தது. விவாகரத்தில் மனைவி தன் பாதியைக் கணவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வீடு முழுக்கத் தனக்கே ஆகிவிட்டது என்று கணவன் நினைத்திருக்க வேண்டும். அவர் இறந்தபோது, அவள் எழுதிக் கொடுத்த பாதி அவருடைய வாரிசுகளுக்குப் போயிற்று. அவருடைய சொந்தப் பாதியோ, பழைய வரி அழிக்கப்படாமல் இருந்ததால், பிரிந்துபோன மனைவியிடமே போயிற்று! விவாகரத்தோடு அந்த வரியின் பலன் அறுபட வேண்டும் என்று 2006-ல் சட்டம் திருத்தினார்கள். இத்தகைய வரிகளை எழுதுமுன் அதன் விளைவை விளக்கிச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். விளக்காமல் எழுதப்பட்டவை இன்னமும் எத்தனையோ பத்திரங்களில் உறங்குகின்றன.

இந்தத் தம்பதி சண்டையிட்டுக்கொண்டிருந்தால் கூரைக்கும் அது தெரியும். டெனமென்ட் கூட்டத்தில் அந்த வீட்டுக்கு ஒரே வாக்கு. பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் சொன்னால்தான் முரண்படும்போது வாக்கு எண்ணப்படும். பாதிப் பாதி என்றால் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கூரைக்கு மிக நெருக்கமான வீடு வாக்கில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

பெரும்பான்மை கிடைத்த பிறகும் பணம் வசூலாக வேண்டும். ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் இறந்து வாரிசு தெரியவில்லை, ஒருவர் தர மாட்டேன் என்கிறார். எடின்பரோவில் ஒரு காலத்தில் நகராட்சியே உத்தரவு போட்டு வேலையைச் செய்து கட்டணம் அனுப்பும் ஏற்பாடு இருந்தது. அதில் ஊழல் புகார்கள் எழுந்தன, வீட்டுக்காரர்கள் மிரளும் தொகைக்கு பில்கள் வந்தன. இப்போதுள்ள வழி அடக்கமானது: பெரும்பான்மை ஒப்புக்கொண்ட வேலையில் ஒருவர் பங்கு மட்டும் வராமல் நின்றால் நகராட்சி அந்தப் பங்கைக் கட்டிவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

நம் கல் கீழே இறங்கும் நாளும் வரும். பெரும்பாலும் கல் கெடுவதில்லை. ஆணிதான் துருப்பிடித்துக் கழல்கிறது. பாலஹூலிஷில் வெட்டுவதை நிறுத்திவிட்டதால் இறக்கிய பழைய கல்லுக்கு நல்ல கிராக்கி. துளைப் பக்கம் சிதைந்திருந்தால் வெட்டிச் சிறிதாக்கி, புதுத் துளை போட்டு, முகட்டுக்கு அருகிலுள்ள வரிசையில் மறுபடி அறைவார்கள். பெயர்த்ததும் அது மறுபடி அசையும் சொத்து. கூரை எவருடையதோ கல்லும் அவருடையது. கூரைக்காரரின் வண்டியில் அது கேட்பாரற்று ஏறிப் போவதைப் பார்த்தால் சொந்தக்காரர் கேட்டு வாங்க வேண்டும். பழைய கல்லுக்கு இன்று விலை இருக்கிறது.

சட்டம் இன்னும் ஓரிடத்தில் தடுக்கி நிற்கிறது. எட்டுப் பேரும் கூடித்தான் ஆக வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஒழுகும்வரை எவரும் கூடுவதுமில்லை. 2019-ல் நாடாளுமன்ற உறுப்பினர்களும் துறை அறிந்தவர்களும் சேர்ந்த பணிக்குழு மூன்றைக் கேட்டது: ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடப் பரிசோதனை, பழுதுக்கென முன்கூட்டியே சேமிக்கும் நிதி, ஒவ்வொரு டெனமென்டுக்கும் கட்டாய உரிமையாளர் சங்கம். சங்கம் எப்படி அமைய வேண்டும் என்று ஸ்காட்லாந்துச் சட்ட ஆணையம் 2024-ல் ஆய்வறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. மூன்றில் சங்கம்தான் முதலில் வர வேண்டும் என்பேன். பரிசோதனைக்கு ஆளை அமர்த்துவது யார், நிதி யார் பெயரில் வங்கிக் கணக்கில் கிடப்பது, கூரைக்காரர் யாரோடு ஒப்பந்தம் போடுவது? சட்டப்படி ஓர் ஆளாக நிற்கக்கூடிய சங்கம் இல்லாத கட்டடத்தில், சாரம் கட்டுவதற்கு முன் யாரோ ஒரு வீட்டுக்காரர் மாலை நேரங்களில் ஏழு கதவுகளைத் தட்டிக் கையெழுத்தும் காசும் வாங்கி, மொத்தத் தொகைக்கும் தன் பெயரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் கிடைக்காத கட்டடங்களில் மழை இப்போதும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது.